வண்டி பேசுவது காதில் விழட்டும்

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று நாம் என்ன செய்கிறோம்? கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போடுகிறோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். திரும்பி வரும் வழியிலேயே வானொலியைத் திருகி, மின்னல் எஃப்.எம் எங்கே, ராகா எங்கே என்று தேடிப் பதிவு செய்துவிடுகிறோம். அடுத்த வாரமே "ஸ்பீக்கர் சத்தம் பத்தவில்லை" என்று கடைக்குப் போகிறவர்களும் உண்டு. எலுமிச்சம்பழம் நசுங்கிய அதே சக்கரத்துக்கு உள்ளேதான் நம் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பிரேக் இருக்கிறது. அதை எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது கோல கெட்டில் பக்கத்துத் தோட்டத்தில். வார இறுதியில் உறவுக்காரர்கள், நண்பர்கள் தங்கள் வண்டிகளை என் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்துவது வழக்கம். "அண்ணே, ரேடியோ இழுக்கலே", "மாமா, பாட்டு கேட்டா கரகரன்னு வருது" என்று வருகிறவர்களே அதிகம். "பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர் அபூர்வம். ஆனால், வானொலிக்காக வந்த வண்டிகளில்தான் பிரேக் கோளாறுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பிரேக் கெடுவதற்கு முன் பல நாள் சத்தம் போட்டுச் சொல்லும். அந்தச் சத்தத்தை நம் காதுக்கு வரவிடாமல் மறைப்பது பெரும்பாலும் வானொலிதான்.

கெடாவில் இது சின்ன விஷயமில்லை. ஒரு காலத்தில் லயத்திலிருந்து வேலைக்காடு வரை நடையோ மிதிவண்டியோ போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, காரில்லாமல் பிழைப்பில்லை. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு பீடோங், பாலிங் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே ஷிப்ட் வேலைக்கு வருகிறார்கள். பாட்டி இன்னும் தோட்டத்தில், அப்பா அம்மா தாமானில், பிள்ளைகள் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ. இவர்களைச் சேர்த்து வைப்பது அந்த ஒரு கார்தான். அதுவும் பல வீடுகளில் பத்துப் பதினைந்து வருடப் பழைய கார்.

மலைக்குப் பின்னால் மறையும் குரல்

முதலில் எல்லாருக்கும் பிடித்த வானொலியைப் பார்ப்போம். 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியபோதே, ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று எதிர்ப்பு கிளம்பியது. சில மாநிலங்களில் தடை செய்யலாமா என்று பேச்சும் நடந்தது. நம் நாட்டில் 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியபோது அதில் ஒலித்த மொழிகளில் தமிழும் ஒன்று. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டார் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட காலம் அது. இன்று ஆளுக்கொரு கார், காருக்கொரு வானொலி.

கெடாவில் எஃப்.எம் கேட்பவர்களுக்கு ஜெராய் மலை பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், நெல் வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே தனித்து நிற்கும் அந்த மலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. எஃப்.எம் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். கோபுரத்துக்கும் காருக்கும் நடுவில் குன்று குறுக்கிட்டால் நிழல் விழுவது போலச் சத்தம் மங்கிவிடும். சமவெளியில் தெளிவாகக் கேட்ட பாட்டு, சிக் பக்கமோ பாலிங் தாண்டியோ போனால் இரைவது இதனால்தான். வானொலி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்.

ஒரே நிலையம் நாடு முழுவதும் ஒரே எண்ணில் கேட்பதில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் அலைவரிசை எண் மாறும். அதனால் எஃப்.எம் 1 பக்கத்தில் கெடா எண்களையும், எஃப்.எம் 2 பக்கத்தில் ஈப்போ எண்களையும், எஃப்.எம் 3 பக்கத்தில் கோலாலம்பூர் எண்களையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் கேட்கும்போது 1 முதல் 6 வரையுள்ள ஒரு பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பதிவாகிவிடும். ஆர்.டி.எஸ் வசதியுள்ள வானொலியில் 'ஏ.எஃப்' என்ற ஒன்று இருக்கும். அதை முடுக்கிவிட்டால், நிலையம் அதற்கான தகவலை அனுப்பும் இடங்களில், அதே நிலையத்தின் வலுவான அலைவரிசைக்கு வானொலி தானே தாவிக்கொள்ளும்.

தேடும்போது இரண்டு மூன்று நிலையம்தான் சிக்குகிறதா? திரையில் 'லோக்' என்ற எழுத்து எரிகிறதா பாருங்கள். அது பக்கத்து நிலையங்களை மட்டும் பிடிக்கச் சொல்லும் பொத்தான். கை தவறி அழுத்தியிருப்பீர்கள், அணைத்துவிட்டால் சரி.

பாட்டோடு 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வந்தால், முதலில் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவான யூ.எஸ்.பி சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து டேஷ்கேமராவின் ஒயரை உருவிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான். கார் கழுவும் இடத்தில் கழற்றிய ஏரியல் கம்பியைத் திரும்ப மாட்டாமல் மூன்று மாதம் ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினை அணைத்து மறுபடி முடுக்கும்போதெல்லாம் பதிந்த நிலையங்கள் அழிந்துபோகின்றன என்றால், கடையில் மாட்டிய வானொலியின் மஞ்சள் ஒயரில் கோளாறு. மஞ்சள் ஒயர்தான் எப்போதும் பேட்டரி மின்சாரம் பெற்று நினைவைக் காப்பது. சிவப்பு ஒயர் சாவி திருப்பும்போது மட்டும் மின்சாரம் பெறும். இரண்டையும் மாற்றி இணைத்திருந்தாலும் இதே கதைதான்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகோண்ட் கார் வாங்குகிற இளைஞர்களுக்கு இன்னொரு குழப்பம். ஜப்பானில் எஃப்.எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய வானொலிகள் 90-உடன் நின்றுவிடும். நம் ஊரில் 87.5 முதல் 108 வரை. அதனால் நம் நிலையங்களில் பெரும்பாலானவை அந்த வானொலிக்கு எட்டவே எட்டாது. ஏரியல் ஒயரில் ஒரு சிறிய மாற்றிக் கருவியை இணைத்தால் கேட்கும். ஆனால் திரையில் தெரியும் எண் வேறாக இருக்கும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு விநாடிக்கு எவ்வளவு தூரம்?

இதையெல்லாம் வண்டி நிற்கும்போது செய்யச் சொல்கிறேன். காரணம் வெறும் கணக்குதான். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நிலையம் மாற்ற இரண்டு விநாடி குனிந்தால் 61 மீட்டர். காற்பந்துத் திடலில் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். சாதாரணச் சாலையில் 90-இல் போனாலும் இரண்டு விநாடிக்கு 50 மீட்டர். அதற்குப் பிறகு ஆபத்தைக் கண்டு, காலைத் தூக்கி, பிரேக்கை மிதித்தால், நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால்கூட 90-இலிருந்து நிற்க மேலும் ஏறக்குறைய 45 மீட்டர் தேவை. மழையில் இன்னும் அதிகம்.

தொடுதிரை வானொலியில் இந்த ஆபத்து கூடுதல். பழைய வானொலியின் திருகையும் பொத்தானையும் விரல் தடவியே கண்டுபிடிக்கும். கண்ணாடித் திரையில் கண் போனால்தான் விரல் போகும். ஸ்டேரிங்கில் பொத்தான் இருந்தால் அதைப் பழகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பதவி ரொம்பப் பிடிக்கும்.

ஒரு பச்சை ஒயரும் ஒரு சிவப்பு விளக்கும்

இப்போது கார்களில் 9 அங்குலம், 10 அங்குலம் என்று பெரிய ஆண்ட்ராய்டு திரை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பின்பக்கக் கேமரா, வழிகாட்டி எல்லாம் அதில் வரும், நல்லதுதான். இந்தப் பெட்டியின் பின்னால் தொங்கும் ஒயர்களில் ஒன்று, பெரும்பாலும் இளம்பச்சை நிறம், ஹேண்ட் பிரேக்கோடு இணைப்பதற்காக உள்ளது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் மட்டுமே படம் ஓட வேண்டும், வண்டி நகரும்போது ஓடக்கூடாது என்பது தயாரித்தவர்களின் ஏற்பாடு. பல கடைகளில் "எப்போதும் படம் ஓடணும்" என்று வாடிக்கையாளர் கேட்பார். கடைக்காரரும் அந்த ஒயரை நேராக வண்டியின் இரும்பில் பிடித்துக் கட்டிவிடுவார். ஹேண்ட் பிரேக் எப்போதும் இழுத்திருப்பதாகப் பெட்டி நம்பிக்கொள்ளும்.

என் சித்தப்பா மகன் காரில் இதற்கு ஒரு படி மேலே போயிருந்தார்கள். பச்சை ஒயரை முதலில் ஹேண்ட் பிரேக் சுவிட்சின் ஒயரோடு இணைத்து, பிறகு அந்த இணைப்பையே இரும்பில் கட்டிவிட்டார்கள். விளைவு, டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தது. அவன் கேட்டதற்கு, "அது ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லி அந்த விளக்கின் பல்பையே உருவிவிட்டார்கள். படம் ஓடியது. விளக்கும் எரியவில்லை. எல்லாம் நலம் என்று அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

பெரும்பாலான கார்களில் அந்த ஒரே சிவப்பு விளக்குக்கு இரண்டு வேலை. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் எரியும். இன்ஜின் பகுதியில் உள்ள பிரேக் ஆயில் புட்டியில் ஆயில் குறைந்தாலும் எரியும். பல்பைப் பிடுங்கியபோது இரண்டாவது எச்சரிக்கையும் போய்விட்டது. சில மாதம் கழித்து, சித்தியை அழைத்துக்கொண்டு கோல கெட்டிலிலிருந்து சுங்கைப்பட்டாணி வருகையில், சமிக்ஞை விளக்கில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. மெதுவாக ஓட்டி நேரே என் வீட்டுக்கு வந்தான். வந்த காரணம் பிரேக் அல்ல; "அண்ணே, கேமரா சரியா வரல, அப்படியே பிரேக்கும் கொஞ்சம் லூஸா இருக்கு" என்றான். மூடியைத் திறந்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. பின் இடது டயரின் உட்புறம் ஈரமாக இருந்தது. டிரம்முக்கு உள்ளே இருக்கும் சிலிண்டரின் ரப்பர் பழுதாகி ஆயில் கசிந்துகொண்டிருந்தது. அன்று அந்த வண்டியை நகர்த்தவிடாமல், இழுவை லாரி வைத்துப் பட்டறைக்கு அனுப்பினோம்.

உங்கள் காரிலும் இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். சாவியைத் திருப்பி, இன்ஜினை முடுக்குவதற்கு முன் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் எரிந்து, விட்டால் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், நல்ல மின்பழுதாளரிடம் காட்டி அன்றே சரி செய்யுங்கள். மஞ்சள் நிற ஏ.பி.எஸ் விளக்கு வேறு. அது மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. பட்டறைக்கு மெதுவாகப் போகலாம். ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள்.

பெரிய சப்-வூபர் மாட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கும். அந்த ஒயரை ஓட்டுநர் காலடியில், மிதிகளுக்குப் பக்கத்தில் இழுக்கவிடாதீர்கள். தொங்கும் ஒயரும், உருண்டு வரும் தண்ணீர்ப் புட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட காலடி விரிப்பும் பிரேக் மிதிக்குக் கீழே போனால், எவ்வளவு நல்ல பிரேக்கும் பிடிக்காது.

முதல் ஒரு கட்டை

என் அப்பா தோட்டத்து பெட்போர்டு லாரி ஓட்டியவர். காலையில் பால் மரக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றுவார். கூடவே வரும் உதவியாள் சின்ன டிரான்சிஸ்டர் வைத்திருப்பார். முதல் ஒரு கட்டை தூரத்துக்கு அதை முடுக்க அப்பா விடமாட்டார். "மொதல்ல லாரி பேசட்டும்டா, அப்புறம் ரேடியோ பேசட்டும்" என்பார். பிள்ளைகள் நிறைந்த லாரி செம்மண் மேட்டில் இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதை அந்த முதல் ஒரு கட்டையிலேயே அவர் காதாலும் காலாலும் தெரிந்துகொள்வார். இயந்திரப் பராமரிப்பைப் படித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகும், அதைவிட நல்ல வழியை நான் கற்கவில்லை.

வண்டி என்ன பேசும்? மெதுவாக பிரேக் பிடிக்கும்போது 'கீச்' என்று மெல்லிய ஒலி தொடர்ந்து கேட்டால், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பல பேட்களில் இதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட்டின் கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறையும்போது அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். புதிய பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. இந்தக் கீச்சொலி ஏற்றி வைத்த பாட்டுக்கு நடுவே கேட்காது. கேட்காமல் ஓட்டினால் அடுத்து வருவது 'கரகர' என்று இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம். அப்போது பேட்டோடு டிஸ்க்கும் போய்விட்டது. செலவு பல மடங்கு.

மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற காரில், காலையில் முதல் இரண்டு மூன்று மிதிப்புக்குக் கேட்கும் உரசல் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. அது போய்விடும், பயம் வேண்டாம். தோட்டச் சாலையிலிருந்து வந்த பிறகு ஓயாமல் 'கிரீச்' என்று கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் சிறு கல் சிக்கியிருக்கலாம்.

காலும் பேசும். மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. சமிக்ஞை விளக்கில் அழுத்திப் பிடித்திருக்கும்போது மிதி தானாக மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். மிதி கல் மாதிரி இறுகினால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. இதை நீங்களே சோதிக்கலாம்: இன்ஜினை அணைத்து, மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை முடுக்குங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டேரிங் உதறினால் டிஸ்க் ஒரே சீராகத் தேயவில்லை. ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தில் பிரேக் சிக்கிக்கொண்டிருக்கிறது அல்லது பேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது.

ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது 'டக் டக்' என்று எத்தனை கேட்கிறது என்று எண்ணுங்கள். வழக்கமாக ஆறில் பிடித்தது பத்துக்குப் போனால், பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம் அல்லது கேபிள் தளர்ந்திருக்கலாம். மைவி, சாகா போன்ற நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். சக்கரத்தின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால் டிஸ்க் தெரியும். டிரம்முக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதனால்தான் பின்பிரேக்கை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆயிலுக்குள் தண்ணீர்

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகை அல்ல. நாம் மிதிப்பதைச் சக்கரம் வரை கொண்டுபோகும் திரவம். அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'டாட் 3' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. 'டாட் 4' வகைக்கு இது 230-உம் 155-உம். சூடான பிரேக்கில் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தலாம், குமிழியை அழுத்தினால் சுருங்கிக்கொள்ளும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. மிதி தரை வரை போகும்.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் பலர் இதை வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை. திறந்து பல மாதமான புட்டியில் மிச்சம் இருப்பதை ஊற்ற வேண்டாம். வேறு எந்த எண்ணெயையும் ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இன்னொன்று: ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. காரணம் தெரியும் வரை விடக்கூடாது.

மலையிறக்கம்

ஜெராய் மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பாலிங் வழியாகப் பெங்காலான் உலு, கிரிக் என்று கிளந்தானுக்குப் போகிறவர்களும் உண்டு. இறக்கத்தில் பிரேக் எவ்வளவு உழைக்கிறது தெரியுமா? 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, அதைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆற்றல் முழுவதும் வெப்பமானால், சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஐந்து பேரும் மூட்டையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அந்த வெப்பத்தை நான்கு சின்னச் சக்கரங்களுக்கு உள்ளே கொட்டுவதா, இன்ஜினோடு பங்கு போட்டுக்கொள்வதா என்பது நம் கையில் இருக்கிறது.

பழைய ஓட்டுநர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. ஆட்டோ கியர் காரிலும் இது பொருந்தும். 'டி'யிலேயே விட்டுவிடாமல் 2 அல்லது 'எல்' நிலைக்கு மாற்றினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்காமல், தேவையானபோது உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.

சிலர் பெட்ரோல் மிச்சம் என்று ஃப்ரீ கியரில் உருள விடுகிறார்கள். இன்றைய இன்ஜின்கள், கியரில் இறங்கும்போது மிதியை விட்டால் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். ஃப்ரீயில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் செலவாகும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. சாவியை அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். ஓரிரு மிதிப்புக்குப் பின் பூஸ்டர் உதவி போய்விடும். சாவியை உருவினால் ஸ்டேரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

இறக்கத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தால் வண்டி எச்சரிக்கிறது. அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால், மிதியை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், கியரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், நான்கு விளக்கையும் மின்னவிட்டு ஹாரன் அடியுங்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மலையிறக்கம் பழுதான பிரேக்கை மன்னிப்பதில்லை.

மண்ணும் வெள்ளமும்

தோட்டச் சாலையில் தினமும் ஓடும் காருக்குச் செம்மண் தூசி டிரம்முக்கு உள்ளே போய் அடையும். சர்வீஸ் செய்யும்போது டிரம்மைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், நுரையீரலுக்குக் கேடு. அதற்கென்றே உள்ள திரவத்தைத் தெளித்து ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2022 ஜூலையில் பாலிங்கில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தை எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்ததும், பின்னால் வண்டி வராத இடத்தில், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விடுங்கள். ஈரம் காய்ந்து பிடிப்பு திரும்பும். சக்கரம் முழுகும் அளவு தண்ணீரில் நின்ற கார் என்றால் பட்டறையில் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

பட்டறையில் வாய் திறந்து கேளுங்கள்

பிரேக் வேலையை நாமே செய்யத் தேவையில்லை. தெரியாமல் கை வைக்கவும் கூடாது. ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? பின் டிரம்மைத் திறந்து பார்த்தீர்களா? பழைய பேட்டைக் காட்டுங்கள். இப்படிக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கையோடு கூப்பிட்டுக் காட்டுவார். பேட் மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். விலை மிக மலிவான பேட்டில் ஜாக்கிரதை. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா, 'ஆர்90' என்ற ஐ.நா. விதிமுறைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கருக்கு ஆயிரம் ரிங்கிட் கொடுத்துவிட்டு, பேட்டில் ஐம்பது ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கோ, தீபாவளிக்குத் தோட்டத்துப் பாட்டி வீட்டுக்கோ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டறைக்குப் போய்விடுங்கள். முதல் நாள் மாலை போனால் பட்டறையில் கூட்டம். அவசரமாகச் செய்த பிரேக் வேலை நல்லதல்ல.

மற்ற நாட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நிமிடம் போதும். மூடியைத் தூக்கி ஆயில் மட்டத்தைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். மிதியை அழுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை எண்ணுங்கள். நான்கு சக்கரத்தின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, வானொலியை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தாமானின் கடைசி வீடு வரை ஓட்டுங்கள். காதுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், பின்சீட்டில் காத்திருக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள், பாட்டைப் போடட்டும்.